கண்ட்ரோல் ஆல்ட் ‘க’: ஆய்வேட்டுத் தட்டச்சுக் கடை ஒன்றில் ஷார்ட்கட் பட்ட பாடு

அக்கா கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு எஃப் விசையைத் தட்டினார். வேர்டில் அடிக்குறிப்பு எண் விழ வேண்டும். விழவில்லை. ஒரு ஃபோல்டர் திறந்தது. உள்ளே முழுக்கக் கல்யாணப் படங்கள். அதை மூடிவிட்டு மறுபடியும் தட்டினார். அதே மாப்பிள்ளை, அதே மாலை.

“தம்பி, நீ குடுத்த சாவி வேற வீட்டைத் திறக்குதே” என்றார்.

பக்கத்து மேசைக் கணினியிலும் அதே வேர்டுதான், அதே விசைகள்தான். அங்கே அடிக்குறிப்பு ஒழுங்காக விழுந்தது. ஒரு கணினியில் வேலை செய்வது அடுத்ததில் ஏன் செய்யவில்லை என்று தேடப் போய், இரண்டு மூன்று வாரத்துக்கு அந்தக் கடையின் விசைப்பலகையையே அலசும்படி ஆயிற்று. அந்தத் தேடலின் பதிவு இது.

கடை மதுரையில், பல்கலைக்கழகம் போகும் பேருந்துகள் நிற்கிற இடத்தை ஒட்டி இருக்கிறது. முன்பக்கம் ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். தடுப்புக்குப் பின்னால் இரண்டு கணினிகள், ஒரு மின்விசிறி, ஆய்வேட்டுத் தட்டச்சு. நான் அங்கே மெய்ப்பு பார்க்கப் போகிறவன். அக்கா அந்தத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் முடித்தவர். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் காலத்தில் தொடங்கி, பழைய எழுத்துருக்களையெல்லாம் பார்த்துவிட்டு, இப்போது வேர்டிலும் யூனிகோடிலும் வந்து நிற்கிறார். மென்பொருள் எத்தனை மாறினாலும் விரல் மாறவில்லை. இடது கை வைத்த இடத்தில் ‘யளனக’ என்று இன்ஸ்டிடியூட்டின் முதல் நாள் பாடம்தான் இன்றைக்கும். எஃப் என்று நான் சொன்னால் அவர் மனதுக்குள் ‘க’ என்று மொழிபெயர்த்துக்கொள்வார். அவருடைய குறிப்பு நோட்டில் “கண்ட்ரோல் ஆல்ட் க = அடிக்குறிப்பு” என்றுதான் எழுதியிருந்தது.

எல்லாம் அவருடைய வலது மணிக்கட்டில் தொடங்கியது. சாயங்காலமானால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “மவுஸைக் கொஞ்சம் குறைங்க” என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கே குறைப்பது? ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை விசைப்பலகையை விட்டு மவுஸுக்குப் போகிறபோதெல்லாம் ஒரு தாளில் கோடு போட்டேன். சங்க இலக்கிய ஆய்வேடு ஒன்றின் இரண்டாம் இயல். அரை மணி நேரம் முடிவதற்குள் தாளில் இடம் போதவில்லை.

கோடுகளில் பாதிக்கு மேல் மூன்றே வேலைகளுக்காக. அடிக்குறிப்பு ஒன்று. மேற்கோள் பத்தியை உள்தள்ளி எழுத்தைச் சிறிதாக்குவது இன்னொன்று. பாடல் வரிகளை அமைப்பது மூன்றாவது. அடிக்குறிப்புக்கு அவர் செய்தது இது: கை மவுஸுக்குப் போகும், மேலே ரெஃபரன்ஸஸ் தாவலைச் சொடுக்குவார், இன்சர்ட் ஃபுட்நோட்டைச் சொடுக்குவார், கை விசைக்குத் திரும்பும், குறிப்பை அடிப்பார், மறுபடி மவுஸ், பக்கத்தை உருட்டி விட்ட இடத்தைத் தேடுவார், ஒரு சொடுக்கு, அப்புறம் ஹோம் தாவலுக்குத் திரும்ப இன்னொரு சொடுக்கு. அந்த ஆய்வேட்டில் முந்நூறுக்கு மேல் அடிக்குறிப்பு இருந்தது. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். வேர்டின் ஷார்ட்கட்டுகள் அறுபதை ஒரு தாளில் அச்சிட்டு, லேமினேட் பண்ணாத குறையாக, அக்கா கையில் கொடுத்தேன். மறுநாள் அது டீ டம்ளருக்கு அடியில் இருந்தது. சரிதான். அறுபதையும் படித்து மனப்பாடம் செய்கிறவருக்கு மணிக்கட்டு வலி வந்திருக்காது, வேறு ஏதாவது வலி வந்திருக்கும். தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னேன்: அடிக்குறிப்புக்குக் கண்ட்ரோல் ஆல்ட் எஃப். அந்த ஒன்றுதான் கல்யாண ஆல்பத்தைத் திறந்தது.

முதலில் வேர்டைத்தான் சந்தேகப்பட்டேன். ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போனால் அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்று ஒரு வரியும் பக்கத்தில் கஸ்டமைஸ் என்று ஒரு பொத்தானும் இருக்கும். அதைத் திறந்தால் புது விசையை அழுத்திக் காட்டச் சொல்லி ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டிக்குள் நின்று எந்த இணைப்பை அழுத்தினாலும், அது இப்போது யார் வசம் இருக்கிறது என்று கீழே எழுதிக் காட்டும். பட்டா பார்ப்பது போல. பக்கத்து மேசைக் கணினியில் அழுத்தினேன். அடிக்குறிப்புக் கட்டளையின் பெயர் வந்தது. அக்காவின் கணினியில் அழுத்தினேன். பெட்டியில் ஒன்றும் விழவில்லை. ஆல்பம்தான் திறந்தது.

பெட்டியில் விழவே இல்லை என்றால் அந்தத் தட்டு வேர்டுக்கு வந்து சேரவே இல்லை என்று பொருள். வேர்டில் யாராவது மாற்றி வைத்திருந்தால் வேறொரு கட்டளையின் பெயராவது வந்திருக்கும். நாம் ஒரு விசையைத் தட்டினால் அது நேரே வேர்டுக்குப் போகிறது என்று நினைக்கிறோம். வழியில் இரண்டு மூன்று சுங்கச்சாவடி இருக்கிறது. தமிழ் எழுத உதவும் மென்பொருள் ஒன்று; விண்டோஸ் ஒன்று; பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் திரை டிரைவர், ஸ்கிரீன்ஷாட் கருவி மாதிரி ஆட்கள் மற்றது. எல்லா இடத்திலும் செல்லும் விசை என்று அவர்களில் யாராவது பதிவு செய்து வைத்திருந்தால் தட்டு அங்கேயே நின்றுவிடும். வேர்டின் அந்தப் பெட்டிக்கு வேர்டுக்குள் நடப்பது மட்டும்தான் தெரியும். மேலே நடக்கும் வசூல் அதற்குத் தெரியாது.

தமிழ் எழுதியை நிறுத்திப் பார்த்தேன். ஆல்பம் திறந்தது. வேர்டை மூடிவிட்டு வெறும் திரையில் தட்டினேன். அப்போதும் ஆல்பம். ஆக விண்டோஸ். டெஸ்க்டாப்பில் ‘ஃபங்ஷன்’ என்று பெயரிட்ட ஷார்ட்கட் ஐகான் ஒன்று இருந்தது. வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ். ஷார்ட்கட் கீ என்ற கட்டத்தில் இருந்தது நம் ஆள்: கண்ட்ரோல் ஆல்ட் எஃப்.

வைத்தவர் கடைக்காரருடைய உடன்பிறந்த அக்காவின் மகன். கேட்டால் சத்தியம் செய்கிறார்: “நான் எஃப் மட்டும்தாண்ணே அமுக்குனேன். ஃபங்ஷனுக்கு எஃப்.” அவர் சொன்னது உண்மைதான். அந்தக் கட்டத்தில் நின்று ஒரே ஓர் எழுத்தைத் தட்டினால், முன்னால் கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் விண்டோஸ் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. ஐகான் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்கும்வரை அந்த விசை எந்த மென்பொருளுக்குள் நின்று தட்டினாலும் செல்லும். பையன் ஒரு மாதம் பயன்படுத்திவிட்டு மறந்துபோயிருக்கிறார். கட்டத்துக்குள் போய் பேக்ஸ்பேஸ் அடித்தேன். ‘நன்’ (None), அதாவது எதுவும் இல்லை என்று மாறியது. ஓகே கொடுத்தேன். அக்கா தட்டினார். பக்கத்தின் அடியில் சின்னதாக ‘1’ விழுந்தது.

“இதுக்குத்தான் இவ்வளவு நேரமா?” என்றார். இதுக்குத்தான்.

அடிக்குறிப்பு அடித்து முடித்ததும் விட்ட இடத்துக்குத் திரும்ப ஷிஃப்ட் எஃப்5 சொல்லிக்கொடுத்தேன். சில சமயம் இரண்டு முறை தட்ட வேண்டியிருக்கும். பக்கத்தை உருட்டித் தேடுவதோடு ஒப்பிட்டால் இரண்டாவது தட்டு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்த வாரம் பத்திகளை இடம் மாற்றுவது. வேர்டில் ஆல்ட் ஷிஃப்டுடன் மேல் அம்பு, கீழ் அம்பு தட்டினால், நிற்கிற பத்தி அப்படியே மேலேயோ கீழேயோ நகரும். வெட்டி ஒட்டத் தேவையில்லை. துணைநூற்பட்டியலை அகரவரிசையில் அடுக்கும்போது இதைவிட நல்லது கிடையாது. ஆனால் அக்கா மூன்று விசையையும் ஒரே மூச்சில் பிடிப்பவர் அல்ல. ஆல்ட்டையும் ஷிஃப்டையும் அழுத்துவார், எந்தப் பத்தி என்று தாளைப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிடுவார். கையை எடுத்த அந்த நொடியில் விண்டோஸ் விசைப்பலகை மொழியை மாற்றிவிடும். ஆல்ட் ஷிஃப்ட் என்பது மொழி மாற்றுவதற்கு விண்டோஸ் வழக்கமாக வைத்திருக்கும் விசை. அந்தக் கணினியில் விண்டோஸின் தமிழ் விசைப்பலகையையும் எப்போதோ யாரோ சேர்த்து வைத்திருந்தார்கள். இங்கே தனியாகத் தமிழ் எழுதி ஓடுகிறது, அங்கே விண்டோஸும் தமிழுக்கு மாறிவிடுகிறது. ‘பாடல்’ என்று அடித்தால் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல் வந்தது. “எழுத்துரு கெட்டுப்போச்சு” என்று கணினியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

தீர்வு ஒரு நிமிட வேலை. விண்டோஸ் அமைப்புகளில் டைப்பிங் பகுதிக்குள் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அதற்குள் இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ். அங்கே மொழி மாற்றும் விசையை ‘நாட் அசைன்டு’ என்று வைத்துவிட்டால் ஆல்ட் ஷிஃப்ட் விடுதலை. மொழி மாற்ற வேண்டுமென்றால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் இருக்கவே இருக்கிறது. அப்படியே வேர்டின் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், சுற்றியுள்ள எழுத்தின் மொழியைப் பார்த்து விசைப்பலகையைத் தானாக மாற்றும் வசதியையும் அணைத்தேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும் ஆய்வேட்டில், தனித் தமிழ் எழுதி வைத்திருப்பவருக்கு அது உதவியே இல்லை, உபத்திரவம்.

நடுவில் ஒரு நாள் ஆல்ட் ஷிஃப்ட் கீழ் அம்புக்குப் பதிலாகக் கண்ட்ரோல் ஆல்ட் கீழ் அம்பைத் தட்டிவிட்டார். திரை தலைகீழானது. கடையே கூடிவிட்டது. ஒருவர் மானிட்டரைத் திருப்பி வைக்கலாம் என்றார். திரை டிரைவரின் விசை அது. கண்ட்ரோல் ஆல்ட் மேல் அம்பைத் தட்டியதும் நிமிர்ந்துகொண்டது. டிரைவரின் அமைப்பில் போய் அந்த விசைகளை மொத்தமாக அணைத்தேன். இப்படிக் கைதவறிப் பட்டு விபரீதம் ஆகக்கூடாது என்பதை ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி 1980-களின் தொடக்கத்திலேயே யோசித்திருக்கிறார். கணினியை மறுதொடக்கம் செய்ய அவர் முதலில் வைத்தது கண்ட்ரோல் ஆல்ட் எஸ்கேப். மூன்றுமே இடப்பக்கம், கை இடித்தால்கூடப் பட்டுவிடும். அதனால்தான் மறுகோடியில் இருந்த டெலீட்டுக்கு மாற்றினார். திரையைக் கவிழ்க்கும் விசையை அம்புகளில் வைத்தவருக்கு அந்த யோசனை வரவில்லை போல.

இதற்குப் பிறகுதான் சொந்தமாக விசை வைக்கும் வேலையில் இறங்கினோம். அடிக்குறிப்புக்கு வேறு சுலபமான விசை வைத்துவிடலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். இயல்பாகவே நன்றாக இருப்பதை மாற்றினால் பக்கத்துக் கணினியில் உட்காரும்போது கை தடுமாறும். இயல் தலைப்பு, உட்தலைப்புக்கும் அப்படித்தான்: கண்ட்ரோல் ஆல்ட் 1, 2, 3 என்று வேர்டே வைத்திருக்கிறது. அதுவரை அக்கா தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி நடுவில் நிறுத்தி, பொருளடக்கத்தைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். அது தனிக் கதை.

விசையே இல்லாதவை மேற்கோளும் பாடலும். அவற்றுக்கு முதலில் இரண்டு ஸ்டைல், அதாவது பெயர் வைத்துச் சேமித்த வடிவமைப்பு, உருவாக்கி ‘மேற்கோள்’, ‘பாடல்’ என்று பெயர் வைத்தோம். அப்புறம் இடம் தேடினோம். வேர்டில் நல்ல விசையெல்லாம் ஏற்கெனவே யாராவது குடியிருக்கும் வீடாகத்தான் தெரியும். ஆனால் தமிழ் அடிக்கிறவருக்கு அங்கே கொஞ்சம் புறம்போக்கு இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. அந்தப் பேதத்துக்காகவே வேர்ட் சில விசைகளை ஒதுக்கி வைத்திருக்கிறது: கண்ட்ரோல் ஷிஃப்ட் ஏ, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்க, கண்ட்ரோல் ஷிஃப்ட் கே, சிறு வடிவப் பெரிய எழுத்தாக்க (ஸ்மால் கேப்ஸ்). தமிழ்ப் பத்தியைத் தேர்ந்தெடுத்து இவற்றைத் தட்டிப் பாருங்கள், எழுத்தின் உருவம் துளியும் மாறாது.

கே விசையில் இன்னொரு வசதி. அக்காவின் தட்டச்சு முறையில் அது ‘ம’. நான் அடிக்கும் தமிழ்99 விசைப்பலகை முறையிலும் ‘ம’தான். மேற்கோளுக்கு ‘ம’. இரண்டு பேருக்கும் ஒரே நினைவுக்குறி என்பது அபூர்வம். பாடலுக்குக் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஏ. அது எனக்கு ‘அ’, அக்காவுக்கு ‘ய’. பாடலோடு இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நான் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னார்: “ஏதாச்சும் ஒண்ணு வை தம்பி. பேருக்கா தட்டுறோம், விரல்தானே தட்டுது.” உண்மைதான். காப்பிக்கு சி என்று பெயரைச் சொல்லலாம்; ஒட்டுவதற்கு வி என்பதற்கு என்ன பெயர் சொல்வது? சி-க்குப் பக்கத்து விசை, அவ்வளவுதான். உலகமே அதைத்தான் தட்டுகிறது.

இதே காரணத்தால் ஷிஃப்ட் எஃப்3-ஐயும் எடுத்துக்கொள்ள அக்கா பார்த்தார். அதுவும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றுகிற விசைதான். அதை மட்டும் நான் தொடவிடவில்லை. ஆய்வு மாணவர்கள் கொண்டுவரும் ஆங்கில நூற்பெயர்கள் பாதி முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் எஃப்3 தட்டினால் ஒழுங்காகிவிடும். அது புறம்போக்கு இல்லை, பாதை.

விசை வைப்பது எளிது. தமிழ் எழுதியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, அதே கஸ்டமைஸ் பெட்டிக்குப் போய், இடப்பக்கப் பட்டியலில் அடிவரை இறங்கினால் ஸ்டைல்ஸ் வரும், வலப்பக்கம் ‘மேற்கோள்’, பெட்டிக்குள் நின்று மூன்று விசையையும் அழுத்தினால், இது இப்போது ஸ்மால்கேப்ஸ் வசம் இருக்கிறது என்று காட்டும், பரவாயில்லை என்று அசைன். இன்னொன்றையும் அப்படியே. பத்து மணிக்கு வைத்தோம். மதியம்வரை அக்கா தட்டித் தள்ளினார்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம். கரண்ட் வந்து வேர்டைத் திறந்தால் ஆய்வேட்டை அது மீட்டுக் கொடுத்துவிட்டது, ஆனால் மேற்கோளுக்குத் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் வைத்த விசை இரண்டும் போய்விட்டன. நாமாக வேறு இடம் சொல்லாவிட்டால் விசைகள் ஆய்வேட்டில் சேமிக்கப்படுவதில்லை, நார்மல்.டாட்எம் என்ற வார்ப்புருக் கோப்பில் சேமிக்கப்படுகின்றன. அந்தக் கோப்பை வேர்ட் பொதுவாக எழுதி வைப்பது முறையாக மூடப்படும்போதுதான். காலையிலிருந்து நாங்கள் வேர்டை மூடவே இல்லை. இதை நான் முன்பே படித்திருக்கிறேன். படித்தது நினைவுக்கு வந்தது இரண்டே காலுக்கு.

மறுபடியும் வைத்தோம். இந்த முறை வைத்த கையோடு வேர்டை மூடித் திறந்தோம். அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, பக்கத்துக் கணினியிலும் போட்டோம். கணினியை ஃபார்மட் செய்ய யாராவது வந்தால் முதலில் அந்த பென் டிரைவைப் பார்க்க வேண்டும் என்பது இப்போது கடை விதி. அச்சிடும் பகுதியில் பக்கங்களைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் கீ அசைன்மென்ட்ஸ் என்று ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் நாமாக வைத்த விசைகளை மட்டும் தாளில் அடித்துத் தரும். இரண்டே வரி. அதை மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறோம். அறுபது வரித் தாளை யாரும் பார்க்கவில்லை. இதை ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள்கூடப் படித்துவிட்டுப் போகிறார்கள்.

கைவிரல் விஷயத்தில் அக்காதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் எல்லா இணைப்பையும் இடது கையாலேயே, சுண்டுவிரலைக் கோணலாக்கிப் பிடிப்பேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். எழுத்து எந்தக் கையில் இருக்கிறதோ அதற்கு எதிர்க் கையில் ஷிஃப்டைப் பிடிக்க வேண்டும் என்பது இன்ஸ்டிடியூட்டில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். கண்ட்ரோல் ஷிஃப்ட் ‘ம’வுக்கு இடது கை பிடிக்கும், வலது கை தட்டும். பாடலுக்குத் தலைகீழ். அடிக்குறிப்புக்கும் இப்படி வழி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. எங்கள் கணினியில் இருப்பது விண்டோஸின் இந்திய ஆங்கில விசைப்பலகை; வலது ஆல்ட்டும் 4-உம் சேர்ந்தால் ரூபாய்க் குறி வரும். அந்த அமைப்பில் வலது ஆல்ட் என்பது கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்த ஒரே விசை. வலது கட்டைவிரல் அங்கே, இடது ஆள்காட்டி விரல் ‘க’வில். மூன்று விசை இரண்டானது.

இப்போது அடிக்குறிப்பு, மேற்கோள், பாடல் மூன்றுக்கும் அக்கா மவுஸைத் தொடுவதில்லை. அட்டவணைக்குத் தொடுகிறார், அதை மாற்ற நான் முயலவும் இல்லை. மணிக்கட்டு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தைல டப்பா இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது, தினமும் வெளியே வருவதில்லை.

ஒரு நஷ்டம் உண்டு. போன மாதம் ஒரு மாணவி ஆங்கிலச் சுருக்கத்தில் ஆசிரியர் பெயர்களைச் சிறு வடிவப் பெரிய எழுத்தில் கேட்டார். பழக்கத்தில் அவரே விசைப்பலகையை இழுத்துக் கண்ட்ரோல் ஷிஃப்ட் கே தட்டினார். பத்தி மொத்தமும் உள்ளே தள்ளிப்போய் மேற்கோளாக நின்றது. அக்கா கண்ட்ரோல் இசட் தட்டி அதைத் திருப்பிவிட்டு, கண்ட்ரோல் டி தட்டி எழுத்துருப் பெட்டியைத் திறந்து, அதில் ஸ்மால் கேப்ஸ் கட்டத்தை டிக் செய்து கொடுத்தார். அந்தப் பெட்டியை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.